மந்திரியைக் கேள்வி கேட்டே வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

ஆகஸ்ட் 22, 2025 (இழையைத் தொடங்கிய வாசகர்)

முப்பது நாள் தொடர்ந்து சிறையில் இருந்தால் மந்திரி பதவி தானாகப் போய்விடும் என்று 130ஆவது அரசியல் சாசனத் திருத்த மசோதா கொண்டுவந்திருக்கிறார்கள். பிரதமர், முதல்வர் எல்லாரும் இதில் அடக்கம். அப்படியென்றால் மந்திரியைப் பதவியிலிருந்து இறக்குவது இனி கைது செய்கிற அதிகாரியின் வேலை. பிறகு நாடாளுமன்றம் எதற்கு? அங்கே கேள்வி கேட்டு இதுவரை ஒரு மந்திரியும் வீட்டுக்குப் போனதில்லை என்பது என் வாதம். ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆகஸ்ட் 22, இரவு 9.50

இருக்கிறது. அதுவும் நம்ம ஊர்க்காரர். டி.டி. கிருஷ்ணமாச்சாரி (சுருக்கமாக டிடிகே), நேரு அமைச்சரவையில் நிதியமைச்சர், 1958 பிப்ரவரியில் ராஜினாமா. யாரும் அவரைக் கைது செய்யவில்லை. சிபிஐ என்ற பெயரே அப்போது கிடையாது, அது 1963இல்தான் வந்தது. மக்களவையில் கேட்ட கேள்வியில் தொடங்கி, ஒரு நீதிபதியின் விசாரணையில் முடிந்தது. விவரமாக நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

ஆகஸ்ட் 23, காலை

முந்த்ரா விவகாரம். பெயரைக் கேட்டதும் முந்திரிப் பருப்பு ஜோக் அடிக்கப் போகிறவர்கள் இப்போதே அடித்துவிடுங்கள்.

1956 செப்டம்பரில் எல்ஐசி பிறந்தது. அதுவரை இருந்த இருநூற்றுச் சொச்சம் தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து அரசு எடுத்துக்கொண்டது. மறு வருஷமே, 1957 ஜூனில், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் எல்ஐசி சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. ஆள் அப்போது கழுத்தளவு கடனில் இருந்தார். எல்ஐசிக்கென்று ஒரு முதலீட்டுக் குழு இருந்தது; அதைக் கேட்கவில்லை. சில பங்குகளுக்குச் சந்தை விலைக்கு மேலேயே கொடுத்தார்கள். பணம் பாலிசிதாரர்களுடையது, வாத்தியாரும் குமாஸ்தாவும் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டியது.

நான் அழுத்திச் சொல்ல வருவது இதற்கு அடுத்து நடந்ததைத்தான். 1957 செப்டம்பர் 4, மக்களவை. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தனியார் நிறுவனத்தில் எல்ஐசி ஒரு கோடி ரூபாய் போட்டதாகப் பத்திரிகையில் வந்திருக்கிறதே, உண்மையா என்று ராம் சுபக் சிங் கேட்கிறார். அப்படி எந்த நிறுவனத்திலும் ஒரு கோடி போடவில்லை என்று நிதியமைச்சகத்தின் பதில் வருகிறது. பதிலை எழுத்தெண்ணிப் படித்தால் அதில் பொய் இல்லை. ஒன்றேகால் கோடியும் ஒரே கம்பெனிக்குப் போகவில்லை, ஆறு கம்பெனிக்குப் பிரிந்து போயிருந்தது! கேள்வி ஒரு கம்பெனியைப் பற்றியது, பதிலும் அதைத் தாண்டவில்லை.

மற்ற எந்த நாளாக இருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பதிலை நம்பாதவர் ஒருவர் அவையில் இருந்தார். நவம்பர் கடைசியில் மறுபடி கேள்வி வந்தது, இந்த முறை விவரங்கள் வெளியே வந்தன. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்து பேசினார். ரேபரேலி எம்.பி., ஆளுங்கட்சி, பிரதமரின் மருமகன்.

ஆகஸ்ட் 23, மதியம்

"அப்போதெல்லாம் யோக்கியர்கள் இருந்தார்கள், இப்போது எங்கே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டு வேண்டாம். அப்போதும் ஒன்றேகால் கோடி போனது, நிதித்துறைச் செயலரும் எல்ஐசி தலைவரும் சேர்ந்துதான் போனது. ஆட்களை விட்டுவிட்டு முறையைப் பாருங்கள்.

1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒரு நபர் ஆணையமாகப் போட்டார்கள். விசாரணையைப் பொதுமக்கள் முன்னால் நடத்தினார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். ரிசர்வ் வங்கி கவர்னர், ஸ்டேட் வங்கித் தலைவர், நிதித்துறைச் செயலர் எச்.எம். படேல், மந்திரி எல்லாரும் வந்து சாட்சி சொன்னார்கள். 24 நாளில் விசாரணை முடிந்தது, பிப்ரவரி 10ஆம் தேதி அறிக்கை வந்துவிட்டது. ஆணையம் என்றால் ஆறு முறை காலநீட்டிப்பு வாங்கும் என்றே பழகிப்போன நமக்கு இது வேறு கிரகத்துச் செய்தி மாதிரி இருக்கும்.

எனக்குத் தெரியாமல் செயலர் செய்துவிட்டார் என்பது டிடிகேயின் வாதம். செயலர் செய்ததற்கு மந்திரிதான் பொறுப்பு, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாது என்றார் சாக்ளா. அந்த மாதமே ராஜினாமா. முந்த்ரா பிறகு ஜெயிலுக்குப் போனார்.

ஆகஸ்ட் 23, இரவு

"டிடிகே என்றால் எனக்குக் குக்கர்தான் தெரியும்" என்று எழுதியவருக்கு: அதே குடும்பம்தான். விசில் நின்ற பிறகு திறக்கவும்.

ஆகஸ்ட் 24

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டிருக்கிறீர்கள். மாவட்ட அலுவலகம் ஒன்றில் பல வருஷம் உதவியாளராக இருந்தவன். எந்தத் துறை என்பது வேண்டாம். சட்டமன்றம் கூடினால் எங்களுக்கு எல்ஏக்யூ காலம். சட்டமன்றக் கேள்வி என்று யாரும் முழுசாகச் சொல்ல மாட்டோம், எல்ஏக்யூதான். "மிக அவசரம்" என்று மேலே எழுதிக் காலையில் வரும், மாலைக்குள் பதில் போயாக வேண்டும். மற்ற கோப்பெல்லாம் மூட்டை கட்டப்படும். சாப்பாட்டு நேரத்தில் சூப்பிரண்டென்ட் பின்னாலேயே நிற்பார்.

பதில் எழுதுவது ஒரு கலை. கேள்வி (அ), (ஆ), (இ) என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். இன்ன ஊரில் இன்ன பாலம் தரமில்லாமல் கட்டப்பட்டதா, ஆம் எனில் என்ன நடவடிக்கை, இல்லை எனில் காரணம் என்ன என்று போகும். எங்கள் சூப்பிரண்டென்ட் முதலில் (அ)வுக்கு "இல்லை" என்று எழுத வழியிருக்கிறதா என்று பார்ப்பார். ஊர்ப் பெயர் கொஞ்சம் மாறியிருந்தால் போதும். பாலம் அந்த ஊராட்சியில் இல்லாமல் பக்கத்து ஊராட்சியில் இருந்தால் இன்னும் நல்லது. (அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை. (இ) வினா எழவில்லை. முடிந்தது.

அதோடு வேலை முடிந்துவிடாது என்பதுதான் வெளியே பலருக்குத் தெரியாத விஷயம். பதில் ஒரு வரி. அதனுடன் மந்திரியின் கையில் கொடுக்க "துணை வினாக்களுக்கான குறிப்பு" என்று ஒன்று தயாரிப்போம். அது பத்துப் பன்னிரண்டு பக்கம் ஓடும். பாலம் உண்மையில் எங்கே இருக்கிறது, ஒப்பந்ததாரர் யார், எவ்வளவு பணம் போயிற்று, தரக்கட்டுப்பாட்டில் என்ன எழுதினார்கள் என்று எல்லா உண்மையும் அதில் இருக்கும். உறுப்பினர் எழுந்து இரண்டாவது கேள்வி கேட்டுவிட்டால் மந்திரி திணறக் கூடாதே. கேட்காவிட்டால் குறிப்பு அப்படியே கோப்புக்குள் திரும்பிவிடும். நான் சேர்ந்து தயாரித்தவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் திரும்பின. அச்சான பதிலை உறுப்பினர் கையில் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

அதனால்தான் செப்டம்பர் 4 பதிலைப் படித்தபோது எனக்கு டெல்லி அமைச்சகமாகத் தெரியவில்லை. எங்கள் சூப்பிரண்டென்ட் கையெழுத்தாகவே தெரிந்தது.

ஆகஸ்ட் 24, சற்று நேரம் கழித்து

மக்களவை விதி என்ன என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வந்து குவியும் நோட்டீஸ்களைக் குலுக்கிப்போட்டு ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளை எடுப்பார்கள். இவற்றுக்கு மட்டும்தான் மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்வி, பிறகு மற்றவர்களுக்கு. 11 மணி முதல் 12 வரை. அந்த ஒரு மணி நேரத்தில் இருபதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. நட்சத்திரம் இல்லாதவற்றுக்கு எழுத்தில் பதில், அங்கே துணைக் கேள்வி கிடையாது. 2020 மழைக்காலத் தொடரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். மசோதாக்கள் மட்டும் தங்குதடையின்றி நிறைவேறின.

ஆகஸ்ட் 25

"ஜேபிசி போட்டால் எல்லாம் வெளியே வரும்" என்று ஒருவர். இரண்டு அவை எம்.பி.க்களும் சேர்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவைச் சொல்கிறார். வந்ததா? போஃபர்ஸ் பீரங்கி பேரப் புகாருக்கு 1987இல் சங்கரானந்த் தலைமையில் போட்டார்கள். எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதியவர் அ.தி.மு.க.வின் ஆலடி அருணா. அதுவும் கூட்டணிக் கட்சிக்காரர்! குழு யார் மேலும் பழி சொல்லாமல் முடித்துக்கொண்டது. பிறகு 1989இல் சிஏஜி (அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை வந்ததும் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் கூண்டோடு ராஜினாமா செய்தார்கள், அந்த வருஷத் தேர்தலில் ராஜீவ் தோற்றார். அங்கே வேலை செய்தது தணிக்கை அறிக்கையும் பத்திரிகையும்தான்.

குழு என்றாலே பெரும்பான்மை ஆளுங்கட்சிக்கு. கூட்டம் மூடிய அறையில். சாக்ளாவின் ஒலிபெருக்கிக்கு நேர் எதிர்.

ஆகஸ்ட் 25, மாலை

2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள் என்று தெரியும். 2010 நவம்பரில் தொலைத்தொடர்பு மந்திரி ஆ. ராசா ராஜினாமா செய்தார், அடுத்த இரண்டு நாளில் சிஏஜி அறிக்கை அவையில் வைக்கப்பட்டது. 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்ற எண் டீக்கடை வரை போயிற்று. ஜேபிசி கேட்டு அந்தக் குளிர்காலத் தொடர் முழுவதையும் முடக்கினார்கள். 2011இல் ஜேபிசி வந்தது. இன்னொரு பக்கம் முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழுவின் வரைவு அறிக்கையை அந்தக் குழுவிலேயே ஓட்டெடுப்பு நடத்தி நிராகரித்தார்கள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுவித்தது. குற்றம் நடந்ததா இல்லையா என்று இங்கே சண்டை போடாதீர்கள், அதற்கு வேறு இழை இருக்கிறது. நான் கேட்பது இது: ஒரு தொடர் முழுக்க அவை நடந்திருந்தால் இருபது இருபதாக எத்தனை கேள்வி, எத்தனை துணைக் கேள்வி வந்திருக்கும்? கூச்சல் போட்டவர்கள் அத்தனை குறிப்பையும் கோப்புக்குள்ளேயே திருப்பி அனுப்பினார்கள். அவை ஒத்திவைக்கப்பட்டால் முதலில் மூச்சு விடுகிறவர் மந்திரிதான். அடுத்து மூச்சு விடுகிறவன் எங்களைப் போன்ற உதவியாளன்.

ஆகஸ்ட் 26

நேற்று எழுதியதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. முடக்கக் கூடாது என்று சொல்வது சுலபம். கேள்வியே அனுமதிக்கப்படவில்லை, விவாதத்துக்கு நோட்டீஸ் கொடுத்தால் ஏற்கவில்லை என்றால் எதிர்க்கட்சி வேறு என்ன செய்யும்? ஆனாலும் முடக்கம் என்பது இப்போது கடைசி ஆயுதமாக இல்லை, முதல் நாள் முதல் மணிக்கே எடுக்கிறார்கள். எல்லாக் கட்சியும்தான், எதிர் வரிசையில் உட்காரும்போது.

ஆகஸ்ட் 26, இரவு

"கேள்வி கேட்கிறவனே காசு வாங்கினால்?" நல்ல கேள்வி, இது நடந்திருக்கிறது. 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதை ரகசியக் கேமராவில் பிடித்துத் தொலைக்காட்சியில் போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் 11 எம்.பி.க்களை வெளியேற்றினார்கள், பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. தங்கள் உறுப்பினர் மேல் நடவடிக்கை என்றால் அவ்வளவு வேகம் வரும்! இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: கேள்விக்குச் சந்தையில் விலை இருக்கிறது. உபயோகமில்லாத பொருளுக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

இதைவிடப் பழைய கேஸ் ஒன்று. 1951, தற்காலிக நாடாளுமன்றம், எச்.ஜி. முத்கல் என்ற உறுப்பினர். பம்பாய் தங்க வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்காக அவையில் செயல்பட்டார் என்று குற்றச்சாட்டு. விசாரிக்கக் குழு போட்டார்கள். குழு அவர் பதவி நீக்கத்துக்கு உரியவர் என்றது, அவர் முந்திக்கொண்டு ராஜினாமா செய்தார்.

அந்தக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

ஆகஸ்ட் 27

லஞ்சம் என்றதும் ஜேஎம்எம் (ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கட்சி) கேஸைக் கேட்கிறீர்கள். 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவு 251, எதிர்ப்பு 265. ஆட்சி பிழைத்தது. அந்தக் கட்சி எம்.பி.க்கள் உள்ளிட்ட சிலர் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள் என்று வழக்கு. 1998இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்புச் சொன்னது: அவையில் போட்ட ஓட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, எனவே வாங்கி ஓட்டுப் போட்டவர்கள் மேல் வழக்கு நடத்த முடியாது. வாங்கியதாகச் சொல்லப்பட்டு ஓட்டுப் போடாத ஒருவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்கின காசுக்கு ஒழுங்காக வேலை செய்தவர் தப்பித்தார் என்று சுருக்கிச் சொல்லலாம். இதை மாற்ற 2024 மார்ச் வரை ஆயிற்று, ஏழு நீதிபதிகள் ஒருமனதாக மாற்றினார்கள்.

ஆகஸ்ட் 27, இரவு

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டது: "பெரோஸ் காந்தி மாதிரி ஆளுங்கட்சியிலிருந்தே கேட்பவர் இன்று ஏன் இல்லை? கட்சித் தாவல் தடைச் சட்டம்தானே காரணம்?"

பாதி சரி. 1985இல் வந்த அந்தச் சட்டம் கட்சியை விட்டு விலகினாலோ, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் இருந்தாலோதான் பதவியைப் பறிக்கும். கேள்வி கேட்டால் ஒன்றும் செய்யாது. சட்டப்படி இன்றைக்கும் ஆளுங்கட்சி எம்.பி. தன் மந்திரியைத் துணைக் கேள்வியில் மடக்கலாம். அடுத்த தேர்தலில் சீட் கிடைக்காது, அவ்வளவுதான். ஆளுங்கட்சிக்காரர் எழுந்தால் மந்திரியைப் பாராட்டிவிட்டு, என் தொகுதிக்கும் இந்தத் திட்டம் வருமா என்று கேட்டு உட்கார்ந்துவிடுகிறார். இரண்டாவது கேள்வி அதில் போய்விடுகிறது.

பெரோஸ் காந்தி ஏதோ ஒரு நாள் ஆவேசப்பட்டுப் பேசியவரும் இல்லை. 1955 டிசம்பரிலேயே டால்மியா குழுமத்தின் காப்பீட்டு நிறுவனத்தில் நடந்ததைக் கணக்கோடு அவையில் வைத்தவர். காப்பீடு நாட்டுடைமை ஆனதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். தான் உருவாக உதவிய எல்ஐசியையே இரண்டு வருஷத்தில் கூண்டில் நிறுத்தினார். கையில் காகிதம் இல்லாமல் அவர் எழுந்ததில்லை.

இன்னொன்றும் செய்தார். அவையில் பேசியதைப் பத்திரிகைகள் வழக்குப் பயமின்றி வெளியிட 1956இல் தனிநபர் மசோதா கொண்டுவந்து சட்டமாக்கினார். நெருக்கடி நிலையின்போது, 1976இல், அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். நீக்கிய அரசின் பிரதமர் அவர் மனைவி. 1977இல் ஜனதா ஆட்சி திரும்பக் கொண்டுவந்தது. அந்த ஆட்சியில் நிதியமைச்சர் யார் என்று பார்த்தால், முந்த்ரா விவகாரத்தில் அடிபட்ட அதே எச்.எம். படேல். இந்திய அரசியலில் யாரும் நிரந்தரமாக வீட்டுக்குப் போவதில்லை என்று இழையைத் தொடங்கியவர் சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 28

அதையேதான் சொல்லிவிட்டார். "டிடிகேயும் திரும்பி வந்தாரே, அப்புறம் என்ன பொறுப்பேற்பு?"

வந்தார். 1962இல் திருச்செந்தூரிலிருந்து போட்டியே இல்லாமல் தேர்வாகி, முதலில் இலாகா இல்லாத மந்திரி, 1963இல் மறுபடி நிதி. 2023இல் செந்தில் பாலாஜி சிறையில் இருந்துகொண்டே இலாகா இல்லாத மந்திரியாக நீடித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதவிப் பெயர் புதிதல்ல. பிறகு மகன்களின் வணிகம் தொடர்பாகப் புகார் எழுந்தது. விசாரணையின்றித் தன்னைக் குற்றமற்றவர் என்று அறிவிக்க வேண்டும் என்றார். பிரதமர் சாஸ்திரி மறுத்தார். 1965 கடைசி நாளில் மறுபடி ராஜினாமா. அந்த சாஸ்திரி 1956இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று விலகியவர். அப்போது ரயில்வே துணை மந்திரியாக இருந்த அழகேசனை வைத்து இங்கே சுவரெல்லாம் எழுதிய கோஷம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

திரும்பி வந்ததால் 1958 செல்லாது என்று நான் நினைக்கவில்லை. ராஜினாமா ஆயுள் தண்டனை இல்லை. உண்மை வெளியே வந்தது, பதவி போனது, எல்ஐசி எப்படி முதலீடு செய்கிறது என்பது நாட்டுக்குத் தெரிந்தது. குற்றம் செய்தவரை ஜெயிலில் போடுவது நீதிமன்ற வேலை. பதில் சொல்ல வைப்பது அவையின் வேலை. 130ஆவது திருத்தம் இரண்டையும் போட்டுக் குழப்புகிறது, தீர்ப்பு வருவதற்கு முன்பே வேறு. அது இப்போது ஜேபிசிக்குப் போயிருக்கிறது. ஜேபிசி பற்றி என் அபிப்பிராயம் மேலே இருக்கிறது.

ஆகஸ்ட் 30

ஒருவர் உபயோகமான காரியம் செய்திருக்கிறார். நாடாளுமன்ற இணையதளத்துக்குப் போய்த் தன் தொகுதி எம்.பி. கேட்ட கேள்விகளைத் தேடி, ஒரு பதிலை இங்கே ஒட்டியிருக்கிறார். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்." இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார்.

அது உறுதிமொழிக் கணக்கில் வரும். மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று 1953 முதல் ஒன்று இருக்கிறது. மந்திரி இப்படிச் சொன்ன ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றினாரா என்று பார்ப்பது அதன் வேலை. நீட்டிப்பு கேட்பார்கள், பிறகு உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்பார்கள். யாரும் கவனிக்காவிட்டால் கைவிடவும் செய்வார்கள்.

உங்கள் பதிலில் தேதி இருக்கிறது. மூன்று மாதம் தாண்டியிருந்தால் எம்.பி.க்குக் கடிதம் போடுங்கள். கேள்வி எண்ணையும் தேதியையும் முதல் வரியிலேயே எழுதுங்கள், பதிலின் நகலை வைத்து அனுப்புங்கள். நாட்டு நிலைமை பற்றி ஒரு பாரா எழுதினீர்களென்றால் உதவியாளர் அதோடு ஓரம் கட்டிவிடுவார். நானாக இருந்தாலும் கட்டியிருப்பேன்.